அறுபத்தாறு அங்குலம்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வழக்கம்போல் போனக்காடு எஸ்டேட் ஆபீசுக்குப் போன் செய்தேன். கணக்கப்பிள்ளைதான் எடுத்தார். "சாரே, இனி விளிக்க வேண்டா. செல்லத்தாயி வியாழக்கிழமை மரிச்சுப் போயாச்சு."

என் கையில் பென்சில் இருந்தது, அந்த வாரத்து அளவைக் குறித்துக்கொள்ள.

செல்லத்தாய் அவர்கள் தேயிலைக் கொழுந்து பறித்தவர். மார்பில் புற்றுநோய் என்று எங்கள் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆனது. நான் அங்கே உடற்பயிற்சி சிகிச்சை தருபவன். தைத்த பக்கத்துக் கை இறுகிப்போகாமல் இருக்க, சுவரில் விரல்களை நண்டுபோல் மேலே ஏற்ற வேண்டும். எட்டிய இடத்தில் கரியால் கோடு, தரையிலிருந்து டேப்பால் அளவு. வார்டில் முதல் ஆளாக எழுந்து செய்தவர் அவர். பக்கத்துக் கட்டில்காரியையும் அதட்டி எழுப்புவார்: "எந்திரி தாயி, சொவரு கடிக்காது!"

போனக்காடு இருக்கும் பொன்முடி மலைப்பக்கம் பஸ் அபூர்வம். அதனால் வீட்டிலேயே பயிற்சி, எஸ்டேட் ஆபீசுக்கு வாரம் ஒரு போன் என்று ஏற்பாடு செய்தேன். எக்ஸ்சேஞ்சில் ஒரு டிரங்க் காலுக்குக் கிடைப்பது மூன்று நிமிடம். எனக்கு வேண்டியது ஒரு எண்.

ஐம்பது அங்குலத்தில் தொடங்கி அறுபத்தாறு வரை ஏறினார். ஒருநாள் சிரித்தபடி சொன்னார்: "கணக்கப்பிள்ளை கொழுந்து எடை கேக்காரு, நீங்க ஒசரம் கேக்கீய. எப்படி இருக்கேன்னு ரெண்டு பேரும் கேக்கலியே, தம்பி?"

"நேரம் போகுது. நம்பரைச் சொல்லுங்க" என்றேன்.

பிறகு ஒரு வாரம் அறுபத்தொன்று என்றார். எனக்குக் கோபம் வந்தது. "சோம்பி உக்காந்தா இறங்கத்தான் செய்யும். ஒழுங்கா செய்யலேன்னா இனி விளிக்க மாட்டேன்."

"அடுத்த வாரம் சரியாக்கிருதேன் தம்பி."

அடுத்த வாரம் அறுபத்தாறு. அதன்பின் எல்லா வாரமும் அறுபத்தாறு. அளவு அசையாமல் நின்றால் அளவையே சந்தேகிக்க வேண்டும் என்று படித்தவன் நான். ஏறிய கை இறங்கினால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றும் படித்தவன். நான் சந்தோஷப்பட்டேன். 'நல்ல முன்னேற்றம்' என்று நான் எழுதிய சீட்டைப் பார்த்துத்தான் டாக்டர் அடுத்த பரிசோதனையைத் தள்ளிவைத்தார். கடைசி இரண்டு சனிக்கிழமையும் செல்லத்தாய் அவர்களுக்குக் காய்ச்சல் என்றார்கள் ஆபீசில். 'வரவில்லை' என்று குறித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மலையேறினேன். அவருடைய மகள் தொழிலாளர் லயத்தில் தங்கள் வீட்டுச் சுவரைக் காட்டினாள். கரிக்கோடுகள் ஏணிப்படிபோல் மேலே போயிருந்தன. அவற்றின் பக்கத்திலேயே இன்னொரு வரிசை கீழே இறங்கியிருந்தது. ஒரு வாரம்கூட விடுபடவில்லை. கடைசிக் கோடு என் இடுப்புக்குச் சற்று மேலே.

"கையெல்லாம் வீங்கிருச்சு. ஆஸ்பத்திரிக்குச் சொல்லும்மான்னேன். 'கொறச்சுச் சொன்னா தம்பி போன் பண்ணமாட்டாரு, அவரு ஒருத்தர்தாம்ட்டி நம்மளத் தேடுறாரு'ன்னுட்டா."

நான் டேப்பைப் பிரித்துக் கடைசிக் கோட்டை அளந்தேன். நாற்பத்திரண்டு. ஏன் அளந்தேன் என்று தெரியவில்லை. வேறு எதுவும் எனக்குச் செய்யத் தெரியவில்லை.

செல்லத்தாயக்கா, உங்கள் சுவர் பொய் சொல்லவில்லை. நீங்கள் சொன்ன பொய்யும் என்னுடையதுதான். எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு சனிக்கிழமையாவது நான் கேட்டிருக்க வேண்டும்.