சனிக்கிழமைக் காற்று

அப்பாவும் சுவேதினியும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை நண்டு கழுவியது. ஞாயிறு பூசை முடிந்து வந்து கிணற்றடியில் குந்தியிருந்து, அவர் ஓட்டைக் கழற்றிக் கொடுக்க அவள் உள்ளே கிடந்ததைப் பிய்த்து எறிந்தாள். கொழும்பில் அவளுக்கு டிஜிட்டல் தடயவியல் வேலை. அதைப் பற்றிக் கேட்பதென்றால் அப்பா மில்ரனுக்குக் குஷி.

"ஹாஷ் எண்டா என்ன பிள்ளை?"

"ஒரு கோப்பின்ர கைரேகை மாதிரி அப்பா. துளி மாறினாலும் ரேகை மாறிடும். ரெண்டு கோப்புக்கு ரேகை ஒண்டெண்டா, ரெண்டும் ஒண்டுதான்."

"அப்ப இந்த நண்டு?"

"இது சட்டிக்குள்ள போற சாட்சி."

"சாட்சியைத் தின்னுற உத்தியோகம். நல்லாத்தான் இருக்கு."

பின்னேரம் அவள் பஸ் ஏறினாள். திங்கட்கிழமை ஊர் மீனவர் டொமினிக்கின் வள்ளம் கடலில் கவிழ்ந்தது. செவ்வாய் விடிய மில்ரனுக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

முழங்கால் தேய்ந்து கடலை விட்ட பிறகு, மன்னார்க் கரையோர ஊரான அரிப்பின் கடற்றொழிலாளர் சங்கத்துக்குக் காற்றுச் செய்தி சொல்வது மில்ரனின் வேலையாக இருந்தது. யாரும் கொடுத்த வேலையல்ல. விடியப்புறம் வானிலைக் கந்தோருக்குப் போன் எடுப்பார். பிறகு கரையில் போய் நின்று காற்றை முகத்தில் வாங்குவார். அதற்குப் பிறகுதான் வட்ஸ்அப் குழுவில் குரல் கொடுப்பார். பின்னேரமானால் அந்தக் குரலை எல்லோருடைய போனிலிருந்தும் நீக்கிவிடுவார். பழைய காற்றை நம்பி ஒருவனும் கடலில் இறங்கிவிடக்கூடாதாம்.

அந்தப் பழக்கமே அவருக்கு எதிராகத் திரும்பியது.

சிலாவத்துறை வள்ளமொன்று டொமினிக்கைத் தூக்கி வந்திருந்தது. மில்ரனின் செத்தவீட்டில் டொமினிக் தோலுரிந்த கையோடு நின்று சொன்னார்: "மில்ரன் அண்ணன் கடல் குளம் மாதிரிக் கிடக்கு எண்டவர். அதைக் கேட்டுத்தான் இறங்கினனான்."

குழுவில் திங்கட்கிழமைக்கு நேரே 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரி மட்டும் இருந்தது. அன்றைக்கு ஊர் ஆட்கள் தவக்கால யாத்திரையாக மடு மாதா கோயிலுக்கு நடந்து போயிருந்தார்கள். கடலுக்குப் போகாதவன் காற்றுச் செய்தியைக் கேட்கவா போகிறான்? ஒருவரும் கேட்டிருக்கவில்லை. ஆள் கவிழ்ந்ததை அறிந்து அழித்துவிட்டார் என்று பந்தலுக்குள்ளேயே பேச்சு ஓடியது. சுவேதினியின் காதிலும் விழுந்தது.

டொமினிக்கிடம் ஆதாரமும் இருந்தது. தவக்காலத்துக்குப் போனை விடுவதாக அவர் நேர்த்தி வைத்திருந்தார். அதனால் அவருடைய தம்பி டிலோஜன் மில்ரனின் குரலை அண்ணி கிறேஸின் போனுக்கு அனுப்பிவைப்பான். டொமினிக் கையோடு கொண்டுபோன அந்தப் போன் வள்ளத்தோடு கடலுக்குள் போய்விட்டது. ஆனால் டொமினிக் இறங்குமுன்னமே கிறேஸ் அந்தக் குரலை வழக்கம்போலத் தன் தங்கைக்கும் அனுப்பியிருந்தாள். தங்கையின் போனில் அது திங்கட்கிழமைத் திகதியோடு கிடந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை, டொமினிக்கும் கிறேஸும் தங்கையின் போனைக் கொண்டுவந்தார்கள். சுவேதினி கேட்டாள். அப்பாவின் குரல்தான்: "கடல் குளம் மாதிரிக் கிடக்கு தம்பிமார், பயமில்லாமப் போங்கோ."

செயற்கை நுண்ணறிவால் யாருடைய குரலையும் இப்போது செய்துவிடலாம். இது டீப்ஃபேக்காக இருக்கட்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். ஆனால் வசன நடுவில் அந்தச் செருமல் இருந்தது, பின்னால் அவர்களின் சேவல் கூவியது. யார் இதைச் செய்யப்போகிறார்கள்?

"அம்மா, அப்பாவின்ர போனை ஆரும் தொட்டதோ?"

"இல்லை. அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டினனான்," என்றாள் எடித்.

சாட்சிச் சங்கிலி அறவில்லை. யார் கையில் இருந்தது என்ற கேள்விக்கு ஒரே பதில்தான். சுவேதினி போனை மடிக்கணினியில் கொழுவி, மூலத்தைத் தொடாமல் பிரதி எடுத்தாள்.

"நீக்கினது நீக்கினதுதானே பிள்ளை?" என்றார் டொமினிக்.

"பார்வையில இருந்துதான் நீக்கினது மாமா. சில நேரம் போனுக்குள்ள கோப்பு கிடக்கும்."

கிடந்தது. திங்கட்கிழமை விடியப்புறம் பதிந்த கோப்பு. அவள் ஒலியைக் கூட்டி வைத்தாள்.

"தம்பிமார், வாடைக் காத்து திரும்பவும் எழும்புது. ஒருத்தரும் இறங்காதேங்கோ. மடுவுக்குப் போறவை எனக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கோ."

எடித் குசினி வாசலிலேயே இருந்துவிட்டாள். அழுகை வந்தது, ஆனால் அது மூன்று நாளாக அழுத அழுகையல்ல.

"அப்ப நான் கேட்டது?" டொமினிக் தங்கையின் போனை அவள் பக்கம் தள்ளினார்.

சுவேதினி அதிலிருந்த குரலின் ஹாஷை எடுத்து அப்பாவின் கோப்புகளோடு ஒப்பிட்டாள். சனிக்கிழமைக் கோப்போடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது. திங்கட்கிழமைத் திகதி கிறேஸ் அனுப்பிய நேரம், மில்ரன் பேசிய நேரமல்ல. ஞாயிறு யாரும் தொழிலுக்குப் போவதில்லை, செய்தியும் இல்லை. திங்களன்று டிலோஜன் மடு வழியில் நடந்துகொண்டிருந்தான், எதையும் அனுப்பவில்லை. குழுவில் மில்ரன் நீக்கினாலும் டிலோஜன் அனுப்பிய பிரதி கிறேஸின் போனில் நீங்காது; கடைசியாகக் கிடந்த அந்தச் சனிக்கிழமைக் குரலை டொமினிக் இருட்டில் அமத்திக் கேட்டிருக்கிறார்.

"சனிக்கிழமைக் காத்தில திங்கக்கிழமை ஓடியிருக்கிறன்," என்றார்.

"தவக்காலத்துக்குக் கள்ளை விடுங்கோ எண்டனான்," என்றாள் கிறேஸ். "போனைத்தான் விட்டவர், பெரிய பக்தன்!"

எடித்துக்கு அழுகைக்குள் சிரிப்பு வந்துவிட்டது. சுவேதினி கதிரையில் சாய்ந்தாள். செவ்வாய்க்குப் பிறகு அவளுக்கு முதன்முதலாகப் பசித்தது.

டொமினிக் கோப்பு முழுவதையும் சங்கத்து ஆட்களுக்குத் தானே போட்டுக் காட்டுவதாகச் சொன்னார். போக எழும்பியவர் வாசலில் நின்றார்.

"பிள்ளை, மில்ரன் அண்ணன் எனக்கு மன்னார் ரவுண் கடையில லைஃப் ஜக்கெற் ஒண்டு சொல்லி வச்சவர். என்ர பருத்த உடம்புக்கு அளவு கிடைக்காதெண்டு சொல்லிச் செய்விச்சது."

"எடுத்துத் தந்தவரோ?"

"திங்கள் போக வெளிக்கிட்டவர், முழங்கால் விடேல்ல," என்றாள் எடித். "செவ்வாய்க்கிழமை போறன் எண்டவர்."

ஜக்கெற் இன்னும் கடையில்தான் கிடக்கிறது.