பச்சிலைக் கட்டு

மருமகள் ரேணுகா மிக்சியில் நித்தியகல்யாணி இலையை அரைத்தாள். மூடியைத் திறந்ததும் எழுந்த பச்சை வாடையில் நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

பாரூரில் நான் சிறுமியாக இருந்தபோது அம்மாவின் மார்பில் கட்டி வந்தது. வைத்தியர் கொடுத்த பச்சிலை இப்படித்தான் வாடை அடிக்கும். வெளியே சொன்னால் மருந்து பலிக்காது என்று சொல்லிவிட்டார். அம்மா கதவைச் சாத்திக்கொண்டு விழுதை அப்பி, பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டுவாள். வாடை தெரியாமல் இருக்கச் சாம்பிராணி போடுவாள்.

"என்னடி, உனக்குத் தினமும் வெள்ளிக்கிழமையா?" என்று அப்பா சிரிப்பார். அம்மாவும் சிரிப்பாள். போகப்போக எனக்குத் தலை வாரிவிடக்கூட அவளால் கையைத் தூக்க முடியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தபோது புண் உடைந்து எல்லாம் முற்றிப்போயிருந்தது.

"இந்தச் செடியில இருந்துதான் கேன்சர் மருந்தே எடுக்கறாங்களாம் அத்தை, போன்ல போட்டிருக்கான்," என்றாள் ரேணுகா. "என் கட்டிய ஊசி குத்தி டெஸ்ட் எடுக்கணுமாம். எனக்குப் பயமா இருக்கு. இதையே குடிச்சுப் பாக்கறேன். அவருகிட்ட சொல்லிடாதீங்க."

"அவங்க பக்குவம் பண்ணி அளந்து குடுக்கறது வேறடி. நீ மிக்சியில அடிக்கறது வேற."

அவள் டம்ளரை எடுத்தாள். வாசலில் மகன் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். பெண்கள் உடம்பைப் பற்றி அவனிடம் நான் பேசியதே இல்லை. இருந்தாலும் குரல் கொடுத்தேன்.

"கண்ணு, இன்னிக்கு வேலைக்குப் போகாத. ரேணுகாவுக்கு மார்ல கட்டி."

ரேணுகா என் கையை நறுக்கென்று கிள்ளினாள். பஸ் ஹாரன் சத்தத்தில் அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை. தெருவே திரும்பிப் பார்க்கும்படி இன்னொரு தரம் சொன்னேன்.