பொய் சொல்லாத விதவைக்கு ஒரு குரல்

அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லோருக்கும் அவள் ‘வில்லி’தான். திரையில் அவள் முகம் வந்ததே இல்லை. குற்றப் படங்களில் நாயகனை மயக்கி, ஏமாற்றி, கடைசியில் குண்டடிபட்டுச் சாகிற பெண்களுக்கெல்லாம் குரல் கொடுத்தவள் அவள். செத்துச் செத்தே வீடு கட்டினாள், மகளைப் படிக்கவைத்தாள். “நீ சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டாலே, உள்ள என்ன கலந்திருக்கேன்னு கேக்கத் தோணுது,” என்பார் அவள் கணவர், இருந்தவரைக்கும்.

அந்தக் குரலுக்குத்தான் இப்போது கேடு வந்திருந்தது. தொண்டையில் கட்டி. அடுத்த வாரமே அறுத்து எடுத்தாக வேண்டும், அதன்பின் குரல் பழையபடி இருக்குமா என்று உறுதி சொல்ல முடியாது என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார். மகளிடம் இன்னும் மூச்சுவிடவில்லை. கையில் இருந்தது ஒரே படம். அதை முழுக்கத் தன் குரலிலேயே முடித்துவிட வேண்டும் என்று தவித்தாள். முடிக்காமல் விட்டால், அதில் வரும் பெண்ணின் வாயில் வேறு யாரோ பேசுவார்கள்.

வேறு எந்தப் படமாக இருந்தாலும் விட்டுக்கொடுத்திருப்பாள். இந்தப் படத்துப் பெண் சாகவில்லை.

இயக்குநர் சின்னப் பெண். பழைய கறுப்பு வெள்ளைக் குற்றப் படங்களைக் கரைத்துக் குடித்தவள். மழையில் நனைந்த தெரு, ஜன்னல் மறைப்பின் நிழல் கோடு கோடாக விழும் சுவர், தன் கதையைத் தானே அலுப்போடு சொல்லிக்கொண்டு போகும் துப்பறிவாளன், அவன் எதிரே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும் அழகான விதவை என்று எல்லாமே அங்கிருந்து எடுத்தவை. ஆனால் கொலை மட்டும் பட்டப்பகலில், பளீரென்று விளக்கெரியும் ஓர் அலுவலகத்தில், நிழலே விழாத இடத்தில் நடக்கிறது. விதவையைப் பார்த்த மாத்திரத்தில் துப்பறிவாளன் இவள்தான் கொலைகாரி என்று முடிவுகட்டிவிடுகிறான்.

அன்றைக்குப் பாக்கி இருந்தது அந்த விதவை பதில் சொல்லும் இடம். உதட்டைப் பிரித்து, ஒரு கணம் தயங்கி, “நான் அவரைக் கொல்லல” என்கிறாள்.

வில்லி மைக் முன்னால் நின்றாள். திரையில் உதடு பிரிந்ததும் மெல்ல ஒரு மூச்சை உள்ளே இழுத்துவிட்டு வசனத்தைச் சொன்னாள். அந்த மூச்சுதான் அவள் தொழிலுக்கே மூலதனம். அதைக் கேட்டால் போதும், இவள் புளுகுகிறாள் என்று கடைசி வரிசைக்காரனுக்கும் உறைத்துவிடும்.

“அக்கா, அந்த மூச்சு வேண்டாம்,” என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இயக்குநரின் குரல் வந்தது.

“உதடு பிரியுதேம்மா. சும்மா விட்டா வெறிச்சுன்னு இருக்குமே?”

“இருக்கட்டும்க்கா. பழைய படத்துல இந்த மாதிரிப் பொண்ணுங்க பொய் சொல்றது நமக்குத் தெரியும், பாவம், ஹீரோவுக்குத்தான் தெரியாது. இதுல இவ சொல்றது நிஜம். அவன்தான் நம்ப மாட்டேங்கிறான்.”

மறுபடி சொன்னாள். மறுபடியும் மூச்சு வந்து நின்றது. வேண்டாம் என்று அடக்கினால் வசனம் கெஞ்சலாகிப்போனது. கெஞ்சலை விட்டால் மூச்சு.

“இத்தனை வருஷமா பொய் பேச வெச்சுட்டு, திடீர்னு அரிச்சந்திரன் பொண்டாட்டியாகுன்னா எப்படி?” என்றார் ஒலிப்பதிவாளர். அவளோடு சேர்ந்து நரைத்தவர். யாரும் சிரிக்கவில்லை. அவள் குரல் கரகரக்கத் தொடங்கியிருந்தது.

இயக்குநர் கதவைத் திறந்து உள்ளே வந்தாள். “கொஞ்சம் ஓய்வெடுங்கக்கா. முடியலைன்னா சொல்லுங்க. இந்தக் காட்சிக்கு மட்டும் வேற ஒரு பொண்ணைக் கூப்பிட்டுக்கலாம். உங்க குரல் மாதிரியே இருக்கும்.”

வில்லி நடைக்கூடத்துக்கு வந்தாள். கைப்பேசி அடித்தது. மகள்.

“டாக்டரைப் பாத்தியாம்மா? என்ன சொன்னார்?”

“ஒண்ணுமில்லன்னுட்டார்டி. சூடாத் தண்ணி குடிச்சா சரியாயிடுமாம்.”

“அப்பாடா. சரி, வெச்சுடறேன்.”

வில்லி கைப்பேசியைப் பார்த்தபடி நின்றாள். எவ்வளவு வழுவழுப்பாகப் போயிற்று அந்தப் பொய்! மூச்சும் இல்லை, தயக்கமும் இல்லை. பெற்ற மகளுக்கே ஒன்றும் தட்டுப்படவில்லை.

அவளே திரும்ப அழைத்தாள்.

“நான் சொன்னது பொய். தொண்டைல கட்டி. ஆபரேஷன் பண்ணணும்.”

“சும்மா பயமுறுத்தாதம்மா. படத்துல வர்ற மாதிரியே பேசற.”

அழலாம் என்று தோன்றியது. அழுதால் உடனே நம்புவாள். அழவில்லை. “கட்டி இருக்குடி,” என்றாள். அதற்கு மேல் சேர்க்க ஒன்றும் இல்லை. நம்புவதும் நம்பாததும் இனி அவள் பாடு.

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, “எங்க இருக்க?” என்றாள் மகள்.

வில்லி உள்ளே போய் மைக் முன்னால் நின்றாள். “ஓட்டுங்கண்ணே,” என்றாள். திரையில் உதடு பிரிந்தது. அவள் சும்மா இருந்தாள். அந்த வெறுமை அப்படியே கிடந்தது. பிறகு வசனத்தைச் சொன்னாள், யாரையும் நம்பவைக்கப் பார்க்காமல்.

ஒலிப்பதிவாளர் பொத்தானிலிருந்து கையை எடுத்தார். “இன்னொண்ணு எடுத்து வெச்சுக்கலாமா?”

“வேண்டாம்,” என்றாள் இயக்குநர்.

எல்லாம் போட்டுக் கேட்டு முடித்து வில்லி வெளியே வந்தபோது, வரவேற்பறையில் மகள் நின்றிருந்தாள், அலுவலகப் பையைக்கூட தோளிலிருந்து இறக்காமல். கண் சிவந்திருந்தது. அது கோபமா அழுகையா என்று அம்மாவுக்குப் பிடிபடவில்லை.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுதுடி. நான் என்ன சொல்ல வந்தேன்னா...”

“ஒண்ணும் சொல்லாத. வீடு போற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது நீ.”

வில்லி தலையாட்டினாள். மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.