டவர் எம்புட்டு உசரம்

அவனியாபுரத்தில் லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். சிமெண்ட், கம்பி, கல்யாணப் பாத்திரம், எது வந்தாலும் ஏற்றுவேன். அந்த வருசம் புரட்டாசியில் ஒரு சார் வந்தார். ஒரு வாரத்துக்கு வண்டி வேணும் என்றார். ஏற்றியது ஒரு பிளேன். தெர்மோகோல் மாதிரி வெள்ளை. ரெண்டு கையையும் விரித்தால் வருகிற அகலம். வயிற்றில் கேமரா. இன்றைக்கு ட்ரோன் என்கிறார்கள். அப்போது அந்தப் பேரை நான் கேட்டதில்லை.

வண்டி ஓட்டுவதோடு அதை எறிவதும் என் வேலை. தலைக்கு மேலே தூக்கி, நாலு எட்டு ஓடி, எறிய வேண்டும். பிறகு அதுவே போகும். சார் லேப்டாப்பில் கண்மாய் வரைபடத்தின் மேல் புள்ளி புள்ளியாக வைப்பார். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் உயரம் போடுவார். எறிகிற இடம்தான் பூஜ்யம். அங்கிருந்துதான் உயரக் கணக்கு. உயரம் கூடினால் படம் மங்கும். குறைந்தால் எதிலாவது முட்டும். ரெண்டுக்கும் நடுவில் ஒரு நம்பரைப் பிடிக்க மனுசன் நெடுநேரம் உட்கார்ந்திருப்பார்.

எதற்குப் படம் என்று முதல் நாளே தெரியும். கண்மாய்க்குள் கட்டியிருக்கிற வீடுகளைக் கணக்கெடுக்க. எடுத்தால் இடிப்பார்கள்.

மூன்றாவதாகப் போனது என் தங்கச்சி இருக்கிற கண்மாய்.

உள்ளே வடக்குப் பக்கம் ஒரு மேடு. கரை மட்டத்துக்கே இருக்கும், தண்ணீர் ஏறாது. சொந்தமா ஒரு சென்ட் இல்லாத எங்கள் ஆட்கள் அதில்தான் வீடு போட்டிருந்தார்கள். மேட்டை ஒட்டிப் பட்டா நிலத்தில் ஒரு செல்போன் டவர். தங்கச்சிக்கு அப்போது ஏழாம் மாசம்.

கரையில் வண்டியை நிறுத்தியதும் தூக்குவாளியில் டீயோடு வந்துவிட்டாள். கூட அவள் புருசன்.

"என்னண்ணே, எங்க வீட்டைப் படம் பிடிக்க வந்தியாக்கும்? முன்னமே சொல்லியிருந்தா பவுடர் போட்டு நிப்பேன்ல."

சாருக்குச் சிரிப்பு. அவள் என் தங்கச்சி என்று அவருக்குத் தெரியாது. எங்கள் பக்கம் எல்லாரும் எல்லாருக்கும் அண்ணேதான்.

மாப்பிள்ளை என்னை வண்டிக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

"மச்சான், இது இன்னைக்கு விழுந்து தொலைஞ்சா?"

"வேற பிளேன் கிடையாது மாப்ள. வெளிநாட்டுல இருந்து சாமான் வரணும்."

"அதுக்குள்ள மழை வந்திரும். தைக்கு மேலதான் வருவாய்ங்க. அவ பெத்து எந்திரிச்சிருவா."

பிளேனை வண்டியிலிருந்து இறக்கினேன்.

சார் கூப்பிட்டார். எல்லாப் புள்ளிக்கும் ஐம்பது மீட்டர் போட்டிருந்தார். டவரைக் கையால் காட்டினார்.

"அது எம்புட்டு உசரம்ணே இருக்கும்? நாப்பதுக்குள்ளதான?"

எனக்குத் தெரியும். அந்த டவருக்குச் சாமான் வந்ததே என் வண்டியில். ஆறு மீட்டர் துண்டு, பத்துத் துண்டு. தோள் மறக்காது.

தலையை ஆட்டினால் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம். ஐம்பதில் போகிற பிளேன் நேரே போய் டவரில் அடிக்கும். தங்கச்சி டம்ளரோடு பக்கத்தில் நின்றாள். என்னையே பார்த்தாள்.

"அறுபது" என்றேன்.

"அறுபதா?"

"அறுபது சார்."

ஏன் சொன்னாய் என்று பிற்பாடு பல பேர் கேட்டார்கள். டவருக்கு அடியில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தன என்று ஒருத்தருக்குச் சொன்னேன். விளையாடியது நிசம். அதுக்காகத்தான் சொன்னேனா, தெரியாது. கேட்டார், சொன்னேன்.

சார் அந்தப் பக்கத்துப் புள்ளிகளுக்கு மட்டும் ஐம்பதை அழித்துவிட்டு எண்பது போட்டார். எறிந்தேன். போகப் போக ஏறி, டவர் உச்சிக்கு மேலே தாண்டியது. மாப்பிள்ளைக்கு அதிலும் ஓர் ஆசை.

"அம்புட்டு மேல போகுதே, வீடு தெரியாதுல்ல சார்?"

"சின்னதாத் தெரியும்" என்றார் சார்.

சாயங்காலம் லேப்டாப்பில் பார்த்தேன். ஒவ்வொரு கூரையும் தீப்பெட்டி அளவு. ஆனால் எண்ண முடிந்தது. அவர்களுக்கு அது போதும்.

அந்த வருசம் மழை பிந்தியது. ஐப்பசி கடைசியில் ஜேசிபி வந்தது. தங்கச்சி வீட்டுச் சாமானை என் வண்டியில்தான் ஏற்றினோம். முன்னால் உட்காரச் சொன்னேன். கேட்காமல் பின்னால் மூட்டைகளுக்கு நடுவில் ஏறிக்கொண்டாள். மேடு பள்ளம் பார்த்து மெல்ல ஓட்டினேன்.

பெரியாஸ்பத்திரியில் பொம்பளைப் பிள்ளை பிறந்தது. வாடகைக்குப் பிடித்த ஒத்தை அறைக்குப் பார்க்கப் போனேன். பாயில் படுத்திருந்தவள் என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து சேலையைச் சரி செய்தாள்.

"வாங்க" என்றாள்.

பேச்சு வந்த நாளிலிருந்து என்னை வாண்ணே, போண்ணே என்றவள். நீ, உன் என்றுதான் பேசுவாள். பிள்ளையை வாங்கி மடியில் வைத்தேன். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன்.

இன்றைக்கும் வாங்க, போங்கதான். விசேசம் என்றால் வீடு தேடி வந்து அழைப்பாள். முதல் பந்தியில் இலை போடுவாள். மரியாதையில் ஒரு குறையும் வைப்பதில்லை.