குரங்குக்குப் பக்கத்தில் வாசு அண்ணன் பெயர்

புஷ்பவல்லி அக்கா பண்டமாரானில் ஒரு கிளினிக் கவுண்டரில் பத்தொன்பது வருடமாக இருக்கிறார். யாருக்கு என்ன வியாதி என்று அவர் வாயிலிருந்து ஒரு சொல் பிடுங்க முடியாது. சொந்தப் புருஷனுக்கு இனிப்புநீர் வியாதி இருப்பதையே மாமியாரிடம் சொல்லாதவர். முன்பெல்லாம் நோயாளி அட்டைகளை இரும்பு அலமாரியில் பூட்டி, சாவியைக் கைப்பையில் வைத்துக்கொள்வாராம்.

கம்ப்யூட்டர் வந்தபிறகு சாவி மஞ்சள் தாளாகிவிட்டது. தினம் ஒரு டாக்டர் மாறி வருவதால் எல்லாருக்கும் ஒரே பாஸ்வர்ட். அதைத் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்தார்கள். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கு முழுக்குப் போட்ட எனக்கே அது போதும்.

அடுத்த வீட்டுக்காரி என்ற உரிமையில் நான் கவுண்டருக்குள் போய் உட்காருவேன். அன்று அக்கா மருந்தெடுக்க உள்ளே போன நேரத்தில், மஞ்சள் தாளைப் பார்த்துப் பாஸ்வர்டைத் தட்டி, திரையிலிருந்த ரோஜாப் படத்தை மாற்றிக் குரங்கை வைத்தேன். கைப்பேசியில் படம் பிடித்து, 'இன்றைய டாக்டர்' என்று எழுதி, எங்கள் தாமான் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

நாற்பது பேர் சிரித்தார்கள். பிறகு ஒருவர் கேட்டார்: "பக்கத்துல லிஸ்ட்ல இருக்கறது நம்ம வாசுவா?"

அப்போதுதான் பார்த்தேன். பாதித் திரையில் அன்றைய நோயாளிகள் பட்டியல் திறந்திருந்தது. வாசு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை.

உடனே படத்தைக் குழுவிலிருந்து அழித்தேன். குழுவில் அதற்குப்பிறகு யாரும் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வாசு அண்ணன் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அவருடைய சூப்பர்வைசரும் எங்கள் குழுவில்தான் இருக்கிறார்.

மறுநாள் வாசு அண்ணன் கிளினிக்குக்கு வந்தார். நான் அழிப்பதற்குள் யாரோ எடுத்துவைத்த படத்தைச் சூப்பர்வைசர் காட்டினாராம்.

"கீலா, பைத்தியம் புடிச்சவன் கையில வண்டியக் குடுக்க முடியாதாம்லா. அக்கா, உங்ககிட்டயும் டாக்டர்கிட்டயும் மட்டும்தானே சொன்னேன்?"

"என் கவுண்டர்லேர்ந்துதான் போச்சு தம்பி. தப்பு என்னோடது."

அக்காவின் பார்வை ஒருமுறை என்மேல் விழுந்து நகர்ந்தது. குரங்கு யாருடைய வேலை என்று அவருக்குத் தெரியாதா?

"நான்தான் அண்ணே," என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "காலையிலேயே வண்டிச் சாவிய வாங்கிட்டாங்க, மாதவி," என்றார்.

அக்கா மஞ்சள் தாளைப் பிய்த்துச் சுக்குச் சுக்காகக் கிழித்தார். குப்பைத்தொட்டியைக்கூட நம்பாமல் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

என் கைப்பேசி அதிர்ந்தது. செலாயாங்கிலிருக்கும் மாமா மகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அதே குரங்கு. வாசு அண்ணன் பெயரைச் சுற்றி யாரோ சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்கள்.