புழுதியில் விதைத்துவிட்டுக் கப்பல் ஏறியவர்கள்

சாயங்காலம் நான்கு மணி ஆனால் என் அம்மா ஆடுகளுக்குப் பின்னால் எங்கே நிற்கிறாளோ அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். உடைமர நிழலோ, ஓடைக்கரையோ, கண்மாய் மேடோ, எதுவானாலும் சரி. மடியிலிருந்து ஃபோனை எடுத்துப் பக்கத்தில் வைப்பாள். தூக்குவாளியில் இருக்கும் ஆறிப்போன டீயை மூடியில் ஊற்றிக்கொள்வாள். அதே நேரத்தில் கும்பகோணத்தில் ஒருத்தியும் கோயம்புத்தூரில் ஒருவரும், இன்னும் சில ஊர்களில் சில பேரும் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். கப்பலின் மேல்தளத்தில் நான்கு மணிக்கு டீ கொடுத்திருக்கிறார்கள், அதுதான் காரணம். கப்பலை விட்டு இறங்கி ஒரு வருஷம் ஆகியும் அந்த டீயிலிருந்து அவர்கள் இறங்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை. நாகலாபுரத்துப் பக்கம் ஆடும் மானாவாரி நிலமுமாக இருக்கிற வீடு எங்களுடையது. நான் மணியாச்சி ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறேன், கோவில்பட்டியில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிற ஒவ்வொருவரும் ஓர் ஊர்ப் பெயரைச் சொல்வார்கள், நான் அச்சடித்துக் கொடுப்பேன். நாளெல்லாம் யார் யாருக்கோ ஊர் கொடுக்கிறோமே, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒன்று கொடுக்க வேண்டாமா என்று ஒருநாள் தோன்றியது. எங்கே போகணும் என்று கேட்டேன். அம்மா ஊர் சொல்லவில்லை. “கப்பல்ல” என்றாள்.

என்றோ ஒரு ஆடி அமாவாசைக்கு வேம்பார் கடற்கரைக்குப் போனபோது, தூரத்தில் ஒரு கப்பல் விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு நின்றதாம். அதற்குள்ளே யார் இருப்பார்கள், இந்த நேரத்துக்கு என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று அவள் இத்தனை வருஷமாக யோசித்திருக்கிறாள். இது எங்கள் யாருக்கும் தெரியாது.

சென்னையிலிருந்து கிளம்பிக் கடலில் சில நாள் சுற்றிவிட்டுத் திரும்பும் கப்பல் அது. நான் போகவில்லை. எனக்குத் தெரிந்த கப்பல், அவர்கள் சொல்லிச் சொல்லி என் தலைக்குள் கட்டிய கப்பல்தான். சாப்பாட்டு அறையில் குழுவுக்கொரு மேஜை ஒதுக்கியிருந்தார்களாம், பயணம் முடியும்வரை அதே மேஜை, அதே முகங்கள். இவர்களுக்கு எட்டாம் மேஜை. அங்கேதான் கும்பகோணத்துப் பெரியம்மா, நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். கோயம்புத்தூர்க்காரர், மில்லில் வேலை பார்த்தவர், மனைவியை இழந்தவர். மற்றவர்களும் அந்த வயதுக்காரர்கள்தான். யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, ஊர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். நாகலாபுரம் அங்கே யாருக்கும் தெரியாததால் அம்மா கோவில்பட்டி ஆனாள். என் கவுண்டர் முன்னால் நிற்கிற வரிசை அப்படியே சாப்பிட உட்கார்ந்ததுபோல எனக்குத் தோன்றும்.

நடுக்கடலில் ஒரு மத்தியானம் நல்ல மழை. எல்லோரும் மேலே போய்ப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, அப்பா மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறுகிப்போய் நின்றிருக்கிறார்.

“என்னாச்சுங்க, தலை சுத்துதுங்களா?” என்று கேட்டிருக்கிறார் கோயம்புத்தூர்க்காரர்.

“இல்ல அண்ணாச்சி. இம்புட்டு மழையும் வீணாப் போவுதே. கீழ ஒரு வெதை கெடையாது.”

“அதுக்கென்ன, நாளைக்கு ஏரக் கொண்டாந்து பூட்டிடுவோம்” என்றாராம் கும்பகோணத்துப் பெரியம்மா. மேஜையே சிரித்ததாம், அப்பாவும் சேர்ந்து. ஆனால் மழை நிற்கும்வரை அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை என்று அம்மா சொல்வாள்.

கரைக்கு வந்ததும் வாட்ஸ்அப்பில் ‘எட்டாம் மேஜை’ தொடங்கியது. முதலில் எல்லாம் எழுத்து. பூப்படம் போட்ட காலை வணக்கம், மூட்டுவலிக்கு ஒரு எண்ணெய், பேரப்பிள்ளைக்குக் காதுகுத்து. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் போனால் ஃபோனை நீட்டுவாள். “இதுல என்னட்டி எழுதியிருக்காவ?” ஒரு வாரத்துக் காலை வணக்கங்களையும் வரிசையாக வாசித்துக் காட்டுவேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள்.

ஒருநாள் கும்பகோணத்திலிருந்து அழைப்பு. “ஏன்டி கோவில்பட்டி, எல்லாரும் பேசுறோம், நீ மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்கிறே. எங்க மேல கோவமா?”

“எழுதத் தெரியாதுக்கா எனக்கு” என்றாள் அம்மா.

மறுநாள் காலையில் மேஜையில் பெரியம்மாவின் குரல் வந்தது. “எல்லாரும் கேட்டுக்குங்க. இன்னையிலேர்ந்து இங்க யாரும் எழுதப்படாது, பேசணும். மூக்குக்கண்ணாடியத் தேடியே எனக்குப் பாதி ஆயுசு போயிட்டு.” கொஞ்ச நேரத்தில் கோயம்புத்தூரிலிருந்து பதில். “நானும் இதையேதானுங்க சொல்லோணும்னு இருந்தேன். ஊட்ல பேசறதுக்கு ஆளில்லீங்க. எழுதி என்னத்தப் பண்றது?”

அதற்குப் பிறகு அந்த மேஜை சத்தங்களால் ஆனது. குக்கர் விசில், ஊஞ்சல் கிறீச்சிடுவது, காய்கறி வண்டிக்காரரோடு பேரம், கோயில் மணி, நடுவே எங்கள் ஆடுகள். இன்றைக்கு என்ன குழம்பு என்று ஒருவர் சொன்னால், அதில் கத்தரிக்காய் சேர்த்தாயா என்று இன்னொரு ஊரில் விசாரணை நடக்கும். நான் அம்மாவிடம் கேட்டு அந்தப் பதிவுகளை என் ஃபோனுக்கு அனுப்பச் சொல்லி, கோவில்பட்டியிலிருந்து மணியாச்சிக்குப் போகும் ரயிலில் காதில் மாட்டிக்கொள்வேன். ஜன்னலுக்கு வெளியே உழுதுபோட்ட கரிசல் ஓடும். யாரோ ஒருவர் ஸ்பூனால் சர்க்கரை கலக்குகிற சத்தம் காதுக்குள் கேட்கும். வண்டி ஆடுகிற ஆட்டத்தில் கொஞ்ச நேரத்துக்கு, நான் போவது தரையிலா தண்ணீரிலா என்று தெரியாமல்போகும். தெரிந்துகொள்ளவும் தோன்றாது. மணியாச்சி வந்ததும் பக்கத்து சீட்டு அக்காதான் தட்டி எழுப்பியிருக்கிறார், எத்தனையோ தடவை.

இந்த வருஷம் கோயம்புத்தூர்க்காரருக்கு இதயத்தில் அடைப்பு நீக்கினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்ததும் அவர் பேசிய முதல் பேச்சு இதுதான். “டாக்டர் போலாம்னுட்டாருங்க. இன்னொருக்காப் போயிட்டு வந்தர்லாமுங்களா, எல்லாரும்?”

கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குப் போகும் கப்பல். எல்லோருக்கும் ஒத்துவந்த தேதி புரட்டாசிக் கடைசியில் விழுந்தது. எங்களுக்கு மட்டும் ஒத்துவரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். “பெரட்டாசில எவனாவது கப்பலுக்குப் போவானா?” என்றார் அப்பா. “மேகம் எப்ப எறங்கும்னு யாருக்குத் தெரியும்? மழை பேஞ்ச ஈரத்துல வெதைக்கலன்னா இந்த வருசம் அம்புட்டுத்தான்.”

“புழுதியில வெதைச்சிட்டுப் போவோம்” என்றாள் அம்மா.

எங்கள் பக்கத்தில் பலர் அப்படிச் செய்வதுண்டு. மழை வரும் என்று நம்பி, காய்ந்த மண்ணிலேயே விதையைப் போட்டுவிடுவது. பின்னாலேயே நல்ல மழை கிடைத்தால் ஊரில் முதல் பயிர் அதுதான். கிடைக்காவிட்டால் எறும்புக்கும் குருவிக்கும் போகும். வெறும் தூறல் மட்டும் விழுந்தால் இன்னும் மோசம், முளைத்துவிட்டு வெயிலில் கருகும். அப்பா ஒரு வருஷம்கூட அதைச் செய்தவரில்லை. ஈரத்தைக் கையில் பார்த்த பிறகுதான் விதைப்பெட்டியைத் தொடுவார்.

“கப்பலுக்காகவா புழுதியில வெதைக்கச் சொல்லுத?”

“ஆமா. கப்பலுக்காகத்தான் சொல்லுதேன்.”

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஆட்டுக்குட்டியைப் பார்த்தேன்.

“வெளைஞ்சாச் சரி. வெளையலன்னா?”

“வெளையலன்னா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுங்க. கேட்டுக்கிடுதேன்” என்றாள் அம்மா. எதையாவது வேண்டும் என்று அவள் இத்தனை நேராகக் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்பாவும் பார்த்ததில்லை போலிருக்கிறது. வெளியே போய் டிராக்டருக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

உளுந்து. பாதம் வைத்தால் புகையாக எழும்புகிற மண்ணில் போட்டு மூடினார்கள். அன்று நான்கு மணிக்கு மேஜைக்கே விஷயம் தெரிந்துவிட்டது. அதோடு அம்மாவின் புஞ்சை எட்டாம் மேஜையின் புஞ்சை ஆகிவிட்டது. கோயம்புத்தூர்க்காரர் தினமும் ஃபோனில் வானிலை பார்த்துச் சொன்னார். “ஏனுங்க அம்மணி, உங்கூருக்கு மேல மேகம் காட்டுதுங்க.” அதைக் கேட்ட அப்பா பக்கத்திலிருந்தே, “அந்த மேகம் ஃபோனுக்குள்ளயே பேஞ்சிட்டுப் போயிரும் அண்ணாச்சி” என்றார். கும்பகோணத்துப் பெரியம்மா, “நானும் சாமிகிட்ட சொல்லிட்டேன்டி. ஆனா உங்க புஞ்சை எதுன்னு அடையாளம் சொல்லணும்ல? எல்லாம் ஒரே கறுப்பால்ல கெடக்கு உங்க ஊர்ல” என்றார்.

மழை வரவில்லை. ஆடுகளைச் சித்தப்பா, வயல்களுக்கு உரமாகக் கிடை போடுவதற்காக ஆற்றுப் பக்கம் ஓட்டிப் போய்விட்டார். வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, அம்மா அப்பாவோடு ரயிலேறினாள். வண்டி நகரும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தாள்.

கப்பல் கரையை விட்டதும் டவர் போய்விட்டது. ஒரு வருஷமாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்த மேஜை அப்படியே அடங்கியது. நான் என் இடத்தில் உட்கார்ந்து ஊர்களை விற்றேன். திருநெல்வேலி, மதுரை, விருதுநகர். கேட்பவர்களின் குரலுக்குப் பின்னால் எங்கோ ஒரு பெரிய தண்ணீர் மெதுவாக அசைந்துகொண்டிருப்பதாகத் தோன்றியது. அதன் மேல் ஒரு வெள்ளைக் கப்பல். கப்பலில் ஒரு மேஜை. என் அம்மா அங்கே சிரிக்கிறாளா, இல்லை ஒரு பிடி மண்ணை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளா?

அன்று பிற்பகலே மணியாச்சியில் வெளிச்சம் திடீரென்று மங்கியது. பிளாட்பாரத்துத் தகரக் கூரையில் முதலில் நாலு சொட்டு, பிறகு எண்ண முடியாத கொட்டு. கவுண்டரை இன்னொருவரிடம் விட்டுவிட்டு வெளியே ஓடினேன். ஃபோனைக் கூரைக்கு நேராக உயர்த்தி, கை வலிக்கும்வரை பதிவு செய்தேன். எட்டாம் மேஜைக்கு அனுப்பச் சொல்லி அம்மாவின் எண்ணுக்குப் போட்டேன். ஒற்றை டிக்கோடு நின்றது. அன்று முழுவதும் எனக்கு உடம்பே லேசாக இருந்தது. நனைந்த தலையோடு ரயிலில் கோவில்பட்டி வந்தேன், அங்கேயும் தெருவெல்லாம் தண்ணீர்.

மறுநாள் காலையில் கப்பல் முதல் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு டிக். உடனே அம்மாவின் குரல்.

“ஏட்டி, நல்லாருக்கு சத்தம். இது எங்கன பேஞ்சது? நம்ம புஞ்சையிலயா?”

நான் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தேன். எங்கள் பக்கத்து மழை, ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஊற்றிவிட்டு அந்தப் பக்கத்தைத் திரும்பிப் பார்க்காமல் போகும். அதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். ஆனாலும் தலைக்கு மேலே தகரக் கூரை அப்படி முழங்கியபோது, உலகம் முழுக்க அதே மழைதான் என்று நம்பிவிட்டேன்.

அடுத்த பதிவும் அம்மாவின் ஃபோனிலிருந்துதான், குரல் மட்டும் கும்பகோணத்துடையது. “பாப்பா, உங்கம்மா டவர் இருக்கிற எடத்த விட்டு நகர மாட்டேங்கிறா. தீவப் பாக்கவும் வர மாட்டேங்கிறா. சாயங்காலம் கப்பல் கெளம்பிட்டா மறுபடியும் ஒண்ணும் கேக்காது. நீ போய்ப் பாத்துட்டு உள்ளதச் சொல்லு. இல்லன்னாலும் இல்லன்னு சொல்லிடு.”

லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். ஊரை விட்டு வெளியே வந்து கொஞ்ச தூரம்வரை சாலையோரம் குட்டைகள் மின்னின. எட்டயபுரம் தாண்டியதும் சாலை வெளுக்கத் தொடங்கியது. பிறகு முழுக்கக் காய்ந்துவிட்டது. எதிரே வந்த லாரி என் முகத்தில் புழுதியை அடித்துவிட்டுப் போனது. ஒரு டீக்கடையில் நிறுத்தினேன்.

“அண்ணாச்சி, இங்கன மழை இல்லையா?”

“இங்கனயா? மேகம் வந்து எட்டிப் பாத்துச்சு. டீ நல்லாருக்காதுன்னு நெனைச்சிச்சோ என்னமோ, அங்கிட்டுப் போயிட்டு” என்றார் அவர். “நீ எங்க போவணும்?”

“நாகலாபுரம்.”

“அங்கன பேஞ்சதாச் சொன்னாவ. ஆனா எந்தப் பக்கம்னு தெரியாது. போய்த்தான் பாக்கணும்.”

அம்மாவிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் சொற்களைத் தேடிக்கொண்டே போனேன். பொய் சொல்லலாம், அவள் நிம்மதியாகக் கடலைப் பார்ப்பாள். ஆனால் திரும்பி வந்து மண்ணைப் பார்ப்பாளே.

ஊர் விலக்கில் திரும்பியபோது முதலில் வாசனை வந்தது. அப்புறம் சாலையின் குறுக்கே ஒரு கோடு, இந்தப் பக்கம் வெளுப்பு, அந்தப் பக்கம் கறுப்பு. ஸ்கூட்டியை அங்கேயே நிறுத்திவிட்டுப் புஞ்சைக்குள் இறங்கினேன். நாலு எட்டு வைப்பதற்குள் செருப்பில் மண் அப்பி அப்பி, நான் வளர்ந்துகொண்டே போனேன். ஐந்தாவது எட்டில் செருப்பு மண்ணோடு தங்கிவிட்டது. வெறுங்காலோடு நடந்து, உட்கார்ந்து, விரலால் தோண்டினேன். ஈரம் மணிக்கட்டுவரை இறங்கியிருந்தது. உளுந்து ஒன்று கிடைத்தது. ஊதிப் பெருத்து, தோல் பிரிந்து, வெள்ளையாக ஒரு நுனி எட்டிப் பார்த்தது. எங்கோ ஒரு காடை கத்தியது, வேறு சத்தமே இல்லை. அந்த விதையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியவில்லை.

மேற்கே மேல்கோடி வரைக்கும் போய்ப் பார்த்தேன். அங்கே ஈரம் ஒரு விரல் ஆழத்துக்குத்தான் இருந்தது. விதை அப்படியே கெட்டியாகக் கிடந்தது. உள்ளங்கையில் இருந்த விதையைப் படம் எடுத்து அனுப்பினேன், மேல்கோடி விதையையும் எடுத்து அனுப்பினேன். கூடவே பேசினேன். “கெழக்க நல்லா எறங்கியிருக்கும்மா. மேக்க பத்தல.”

அப்பாதான் முதலில் பேசினார். “மேக்க எப்பவுமே அப்படித்தான், அது மேடு. இன்னொரு மழை கெடைச்சா வந்துரும்.” பிறகு, வேறு யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல, “கெடைக்கலன்னாலும் பாதி மிச்சம்” என்றார்.

அம்மாவின் பதில் வந்ததா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மண் ஒட்டிய விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு அது பூராவும் கறுப்பானது. பிறகு கும்பகோணத்துப் பெரியம்மா, மூச்சு வாங்க, பின்னால் அலை இரைய இரைய, “படத்தப் பாத்துட்டாடி. மொகமெல்லாம் ஒரே சிரிப்பு. ஃபோன என் கையில திணிச்சிட்டு, சேலைய இழுத்துச் செருகிக்கிட்டு, இடுப்பளவு தண்ணியில நிக்கிறா. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறா. இரு, நானும் எறங்குறேன்.”