சிஞ்ஞோராவின் வாசிப்பு மூலை

மகள் யன்னலோரக் கதிரையில் கம்பளிப் போர்வையை விரித்து, பக்கத்தில் ஒரு மெழுகுதிரி கொளுத்தி வைத்துவிட்டு, "அம்மா, இஞ்சை வந்து இருங்கோ, வாசிக்க நல்லா இருக்கும்" என்றாள். இலையுதிர்காலத்தில் வீட்டில் வாசிக்க இதமான மூலை செய்வது எப்படி என்று போனில் ஏதோ ஒரு பக்கம் சொல்லிக் கொடுத்திருக்கிறது. கம்பளிக் காலுறை போட வேண்டுமாம். வெளியே மழை தூற வேண்டுமாம். இங்கே பலெர்மோவில், சீசா என்கிற பகுதியில் மூன்றாம் மாடியில், ஒக்டோபர் மாதத்து அனல் காற்றில் முதுகெல்லாம் வழிந்துகொண்டிருக்கிறது. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். மெழுகுதிரியில் கறுவா வாசம் வந்தது. அணை அதை என்று கத்தினேன். பிள்ளை பயந்துபோய் ஊதி அணைத்தாள்.

கறுவாவோடு உனக்கென்ன கோபம் என்று கேட்பீர்கள். இறைச்சிக் கறிக்குள் கிடந்தால் ஒரு கோபமும் இல்லை. அதற்குச் சிவப்பு ரிபன் கட்டி, தோடம்பழத் தோலோடு தட்டில் வைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிக் கட்டி வைத்ததும் இதே கைதான்.

வந்த புதிதில் பொலித்தேயாமா பக்கம் ஒரு இத்தாலிய வீட்டம்மாவிடம், சிஞ்ஞோராவிடம், வேலை செய்தேன். அவள் என்றே எழுதுகிறேன். மரியாதையெல்லாம் அந்த வீட்டிலேயே கொடுத்து முடித்துவிட்டேன். ஒக்டோபர் பிறந்தால் போதும், கோடைத் திரைகளைக் கழற்று, கம்பளிகளைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்து உதறு என்று பிடித்துக்கொள்வாள். தெருவில் ஆட்கள் கடலில் குளித்துவிட்டு ஈரத் துவாயோடு போவார்கள். இவள் யன்னல் பலகைகளைச் சாத்தச் சொல்லி, மஞ்சள் விளக்கைப் போட்டு, முழங்காலில் கம்பளியோடு வியர்த்துக்கொண்டு இருப்பாள். மண்ணிறம், சிவப்பு, மஞ்சள் அட்டைப் புத்தகங்கள் முன்னுக்கு, நீலமும் பச்சையும் பின்னுக்கு. அடுக்குவது நான், கறுவாவுக்கு ரிபன் கட்டுவதும் நான். அவள் ஒன்றை மடியில் விரித்து, ஒரு பக்கம் திருப்ப முதல் குறட்டை விடுவாள். நான்கு வருடத்தில் ஒரு புத்தகத்தையும் அவள் முடித்து நான் கண்டதில்லை.

அந்த வீட்டில் உண்மையாக வாசித்துக்கொண்டிருந்த ஆள் ஒன்றுதான். நான்.

அப்போது போர்கோ வெக்கியோவில் இரண்டு அறைக்குள் ஆறு பெண்கள் இருந்தோம். சுவரில் ஈரம் வடியும். கடதாசி என்றால் ஒரு மாதத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால் என்னிடமிருந்த ஒரே புத்தகத்தை சிஞ்ஞோராவின் சாமான் அறைக்குள், விளக்குமாறுகளுக்குப் பின்னால், பையில் போட்டு வைத்திருந்தேன். மத்தியானம் அவள் தூங்கும் அரைமணி நேரம் குசினி முக்காலியில் இருந்து வாசிப்பேன்.

புத்தகம் என்றால் கடையில் வாங்கியதல்ல. எங்கள் ஊர் பாசையூரில் என் அக்கா, இந்தியாவிலிருந்து பிந்திப் பிந்தி வரும் வாரப் பத்திரிகையில் ஒரு தொடர்கதையை வாரா வாரம் கிழித்து, மெத்தைக்கடியில் சேர்த்து, கடைசியில் பைண்ட் பண்ணுவித்தது. மண்ணிறத் துணி அட்டை. ஒரு பக்கத்தில் கதாநாயகி அழுவாள், அதன் கீழே தலைமுடி எண்ணெய் விளம்பரம் பாதியாய்ச் சிரிக்கும். கலியாணமான வீட்டை விட்டு ஒரு பெட்டியோடு புறப்பட்டு, யாரையும் தெரியாத ஒரு ரயில் நிலையத்தில் இறங்குகிற மங்களம் என்ற பெண்ணின் கதை. எனக்கு ஒரு கெட்ட பழக்கம், எந்தக் கதையிலும் முடிவைத்தான் முதலில் வாசிப்பேன். அது தெரிந்த அக்கா, கடைசி நான்கு வாரப் பக்கங்களை ஊசி நூலால் சுற்றிவரத் தைத்து மூடித்தான் தந்தாள். நான் வெளிக்கிடும்போது சொன்னாள்: "அந்தரப்படாமல் வாசி. முடிவு வந்தாப் பிறகு ரெண்டு பேரும் கதைப்பம். இஞ்சை எனக்குக் கதைக்க ஆளில்லை."

உண்மையிலேயே அவளுக்கு ஆளில்லை. அக்காவின் புருசனுக்கு வள்ளமும் வலையும் போதும்; கதை என்றால் கொட்டாவி விடுவார். நானும் அக்காவும்தான் அரிசி புடைக்கும்போதுகூட, அவன் ஏன் அப்படிச் சொன்னான், இவள் ஏன் போனாள் என்று சண்டை பிடிப்போம். ஞாயிற்றுக்கிழமைகளில் வியா மக்வேதாவுக்குப் பக்கத்தில் ஒரு போன் கடையில் நின்று அழைப்பேன். என் சுகம் விசாரிக்க முதல், மங்களம் எந்த இடத்தில் நிற்கிறாள் என்றுதான் கேட்பாள்.

ஒருநாள் சிஞ்ஞோரா தூக்கத்திலிருந்து வேளைக்கே எழும்பி வந்துவிட்டாள். கையில் என்ன என்றாள். வேலை நேரத்தில் வாசிக்கிறவள் என்று பெயர் வந்தால் அம்போதான் என்று எனக்குப் பயம். ஒன்றுமில்லை, பழைய பேப்பர், கண்ணாடி துடைக்க வைத்திருக்கிறேன் என்று வாய் கூசாமல் சொன்னேன். என் வாயாலேயே சொன்னேன், பாருங்கள்.

வியாழன் பின்னேரம் எனக்கு லீவு. அந்த ஒக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை நான் போனபோது, வாசிப்பு மூலையில் விளக்கிலிருந்து யன்னல் வரை ஒரு நூல் கட்டி, அதில் கடதாசி இலைகள் தொங்கின. சிஞ்ஞோராவின் தங்கச்சி மகள் வந்து வெட்டியதாம். தேத்தண்ணிச் சாயத்தில் தோய்த்து, காம்பு, நரம்பெல்லாம் கீறி, நல்ல வேலைதான். கிட்டப் போனேன். ஒரு இலையில் 'மங்களம்' என்று இருந்தது. இன்னொன்றின் ஓரத்தில் வரிசையாக ஊசித் துளைகள்.

சாமான் அறையில் வெறும் அட்டை கிடந்தது.

"பார், அந்தப் பழைய பேப்பரில் உன் பாஷை எழுத்து எவ்வளவு வடிவு" என்றாள் சிஞ்ஞோரா. "இனி உனக்கும் இது சொந்த வீடு மாதிரி இருக்கும்."

அந்த மாதம்தான் என் பெர்மெஸ்ஸோவை, இங்கே தங்கும் அனுமதியை, புதுப்பிக்க வேண்டும். அவள் கையெழுத்து வைத்த வேலைக் கடதாசி இல்லாமல் குவெஸ்தூராவில், அந்தப் பொலிஸ் கந்தோரில், நாள் முழுக்க நின்றாலும் பிரயோசனமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "பெல்லோ, சிஞ்ஞோரா" என்றேன். அழகாயிருக்கிறது என்று. அவளை நான் மன்னிக்கவில்லை. அந்த வார்த்தையைச் சொன்னவளையும்தான்.

பின்னேரம் அவளுடைய சிநேகிதிகள் வந்தார்கள். ஒருத்தி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். யாருக்குத் தெரியும், அதுதானே அழகு என்றாள் இவள். தேத்தண்ணித் தட்டோடு நான் பக்கத்திலேயே நிற்கிறேன். என்னைக் கேட்க ஒரு நாய்க்கும் தோன்றவில்லை.

டிசம்பரில் பாலன் குடில் வைக்கும் மட்டும் வாரத்துக்கு ஒருமுறை அந்த இலைகளைத் தூசு தட்டியதும் நான்தான். தட்டித் தட்டி வாசித்தேன். 'அவள் திரும்பி', 'கடிதத்தை', 'இனிமேல் ஒருபோதும்'. அவிழ்த்து எறியச் சொன்னதும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்கையில் பரப்பி அடுக்கிப் பார்த்தேன். இலையாக வராத மிச்சக் கடதாசி எப்போதோ குப்பைக்குப் போயிருந்தது. முடிவு கிடைக்கவில்லை.

அக்காவிடம் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? வெட்டினார்கள் என்று சொல்லலாம். அழகு என்று நான் சொன்னதை எப்படிச் சொல்வது? வேலை கூட, நேரமில்லை, இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை என்று சொல்லிச் சொல்லியே வருடங்களைக் கடத்தினேன். அந்தரப்படாதை என்பாள், பாவி.

போன வருடம் அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுக்கையாய்க் கிடந்தாள். போனில் மூச்சு இழுத்து இழுத்துக் கேட்டாள்: "எடி, இப்பவாவது சொல்லு. முடிவு உனக்குப் பிடிச்சதோ?"

பிடித்தது என்றேன். நிறுத்தியிருக்கலாம். நல்ல முடிவு கேட்டால் அவளுக்குச் சுகமாயிருக்கும் என்று அளந்தேன்: புருசன் தேடி வருகிறான், மன்னிப்புக் கேட்கிறான், மங்களம் வீட்டுக்குத் திரும்பிப் போகிறாள், எல்லாம் சுபம்.

அக்கா என்னை முழுக்கச் சொல்ல விட்டாள்.

"அவள் திரும்பிப் போகேல்லையடி" என்றாள். "நீ அதை வாசிக்கவே இல்லை, என்ன?"

ஓம் என்றேன். வேறு எதைச் சொன்னாலும் அதைவிடக் கேவலமாக இருந்திருக்கும்.

அவள் தேறிவிட்டாள், கடவுள் புண்ணியம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எடுக்கிறேன். இப்போது போனில் முகமும் தெரிகிறது. குளிசை போட்டியோ என்று நான் கேட்கிறேன், அங்கை மழையோ என்று அவள் கேட்கிறாள். மங்களம் எங்கே போனாள் என்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை, அவளும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. ஐந்து நிமிடத்தில் கதை முடிந்துவிடும்; சரி, வைக்கட்டோ என்பாள்.